பாதியைத்தான் சொன்னேன் என்று ஊரறியச் சொன்னவருக்கு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால்.

சீன நாட்டின் நிங்ஷியா தென்மலையில், ஷுவாங்யூ ஊர்ப் பள்ளிவாசலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் நபிமொழிப் பாடம் நடத்தி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்த ஆசிரியை ஸா யூலியான் அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உளமுவந்து வாசித்தளிக்கும் மடல்.

மழைக்கு ஏங்கும் மஞ்சள் மண் மேட்டுக்கு மனத்தை நனைக்கும் மொழி கொண்டுவந்த மாண்பாளரே! அடுப்படிக்கும் ஆட்டுப்பட்டிக்கும் அண்ணல் நபியின் வாக்கை அழைத்துச் சென்ற அறிவுச் செல்வியே! சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே சுவர் எழுப்பாத தூய நெஞ்சினரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அம்மையீர்! வணக்கத்துக்குரியவன் இறைவன் ஒருவனே. வாழ்த்துக்குரியவராய் இன்று எங்கள் முன் அமர்ந்திருப்பவர் நீங்கள். சலாம் கூறுகிறோம்.

இப்படியே மூன்று பக்கங்கள் எழுதி முடித்திருந்தோம், அம்மா. எழுத்துப் பாடம் நடத்துகிறவள் என்பதால் அந்தப் பொறுப்பு பாய் ஷூபென் ஆகிய என் தலையில் விழுந்தது. ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நம் சமையல்கார அக்கா கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி ஷூபென், போற நேரத்துல அவங்க கழுத்த முறிச்சுத்தான் அனுப்பணுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. ஒருவர் மற்றொருவரை முகத்துக்கு நேரே அளவில்லாமல் புகழ்ந்தபோது, "உன் தோழரின் கழுத்தை முறித்துவிட்டாயே" என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வருந்தியதை எங்களுக்குக் கற்பித்தவர் நீங்கள்தானே. புகழ்ந்தே ஆகவேண்டுமானால், "இவர் இப்படிப்பட்டவர் என்று நான் எண்ணுகிறேன், உள்ளதை அறிந்தவன் அல்லாஹ்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள் என்பதையும் அதே பாடத்தில் சொன்னீர்கள். ஆகவே மூன்று பக்கங்களில் இரண்டரைப் பக்கம் அடுப்புக்குப் போயிற்று. சட்டம் போட்டு மாட்டப்போகும் தாள் வெறுமையாக இருக்கக் கூடாதே என்று மேலே சில அடைமொழிகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். பொறுத்தருள்க. இனி வருவதெல்லாம் நடந்தவை.

இருபத்தொன்பது வயதில், இரண்டு பெட்டிப் புத்தகங்களோடு, கம்பளி ஏற்றி வந்த லாரியின் முன்னிருக்கையில் இவ்வூர் வந்து இறங்கினீர்கள். அப்போது இப்பள்ளிக்கு இரண்டு அறைகள், ஒரு கணப்பு, எழுத்து அழியாத ஒரு கரும்பலகை. மாணவியரில் பாதிப் பேர் இடுப்பில் குழந்தையோடு வந்தார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நபிமொழி என்று நீங்கள் வகுத்தபோது எங்களுக்கே புரியவில்லை. அருகிலுள்ள ஊர்களில் ஆண்டுக்கு நாற்பது, நூறு என்று மனப்பாடம் செய்து பரிசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்களோ, சென்ற வாரச் சொல்லை வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு, செய்ததைக் கேட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவீர்கள்.

வழியில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் இறைநம்பிக்கையாகிய ஈமானின் ஒரு கிளை என்ற பாடம் மார்கழிக் குளிரில் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சரிவு உறைந்து கண்ணாடியாகக் கிடந்த நாட்கள் அவை. மறுநாள் காலையில் பதினேழு வீட்டுப் பெண்கள் அவரவர் அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டுவந்து அந்தச் சரிவெங்கும் தூவினார்கள். இன்றும் பனி உறைந்தால் தூவுகிறார்கள். தூவும் இளம்பெண்களில் பலருக்கு அது ஒரு பாடத்திலிருந்து வந்த பழக்கம் என்பதே தெரியாது.

குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள் என்ற பாடத்தில்தான் கொஞ்சம் சிக்கலாயிற்று. நம் சமையல்கார அக்கா ஒரு மாதம் கழித்து உங்களிடம் முறையிட்டார்: "டீச்சரம்மா, ஊரே ஊருக்குக் கொடுக்குது. எங்க வீட்டுக்கு வர்ற ஆட்டுச்சாறுல ஆடு எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. அடுத்த வாரம் கறியக் கூட்டச் சொல்லி ஏதாவது ஹதீஸ் இருந்தா சொல்லுங்க." நீங்கள் அவ்வளவு சிரித்து நாங்கள் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

சொன்ன சொல்லைத் திரும்பப் பெறத் துணிந்தவரே!

இந்தப் பகுதியை எழுதலாமா என்று உங்களிடமே கேட்டோம். விழாவில் விருந்தினர் இருப்பார்கள், உங்கள் தங்கை குடும்பமும் வந்திருக்கும் என்றோம். "அத விட்டுட்டு வேற எத எழுதுவீங்க?" என்றீர்கள். ஆகவே எழுதுகிறோம்.

நீங்கள் வந்த பதினோராம் ஆண்டு அது. கிழக்குச் சரிவில் ஆறு வீட்டார் தங்கள் ஆடுகளை ஒரே பட்டியில் அடைத்து, நாளுக்கு ஒரு வீடு என்று முறைவைத்து மேய்த்துவந்தார்கள். ஏழாவது வீடு தியான் யின்ஹுவாவினுடையது. கணவர் கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்தார். அதே ஆண்டில் மாமனாரும் போனார். அதற்குப் பிறகு யின்ஹுவாவின் கால் பட்ட இடம் விளங்காது என்று ஊர் முடிவுகட்டியது. மணவீட்டில் அவரை முன்வாசலில் நிறுத்திச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார்கள். அவருடைய பத்தொன்பது ஆடுகளையும் பட்டியில் சேர்க்கவில்லை. புல்லில்லாத வடக்குச் சரிவில் அவர் தனியாக மேய்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கண்டு நீங்கள் கொதித்தீர்கள். அந்த வாரத்துச் சொல்லாக, "தொற்று என்பது இல்லை, சகுனம் என்பதும் இல்லை" என்ற நபிமொழியைக் கரும்பலகையில் எழுதினீர்கள். ஒரு மனிதரின் கால் வழியாக இன்னொரு மனிதருக்குக் கேடு வராது. அப்படி நம்புவது இறைவனின் அதிகாரத்தில் பங்கு கேட்பது என்று நீங்கள் பேசியபோது வகுப்பில் ஒரு குழந்தைகூட அழவில்லை. வாரக் கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். அந்த ஆறு வீட்டாரில் ஒருவரான மூ சான்லினின் மனைவி சுன்மேய் எழுந்து, "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன் டீச்சரம்மா. அவரு பட்டிக்காரங்ககிட்ட பேசுனாரு. யின்ஹுவா அக்கா ஆட்டையும் நாளையிலருந்து ஒண்ணா அடைக்கிறாங்க" என்றார். நீங்கள் முகத்தைத் திருப்பிக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றீர்கள். துடைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

நான்கு மாதங்கள் நன்றாகப் போயின. குட்டி போடும் பருவத்துக்குச் சற்று முன்பு, சான்லின் கணவாய்க்கு அப்பால் உள்ள சந்தையிலிருந்து பன்னிரண்டு ஆடுகள் வாங்கிவந்தார். அவற்றில் இரண்டுக்குக் காய்ச்சல். உதட்டோரம் சிறு சிறு கொப்புளங்கள். முதலில் பார்த்தவர் சுன்மேய்.

"என்னங்க, வாயெல்லாம் பொரிஞ்சிருக்கு. ரெண்டு நாளைக்கி நம்ம முற்றத்துலயே கட்டி வைப்போமே?"

"ஏன், ஒட்டிக்குமா? தொத்துன்னு ஒண்ணு கிடையாதுன்னு உங்க டீச்சரம்மா சொன்னாங்கன்னு நீதானே எனக்குப் பாடம் எடுத்த? யின்ஹுவாவுக்கு ஒரு ஹதீஸ், என் ஆட்டுக்கு வேற ஹதீஸா?"

ஆடுகள் பட்டிக்குப் போயின.

பத்தாம் நாள் ஆட்டம்மை பட்டியெங்கும் பரவியது. கால்நடை மருத்துவர் மலையேறி வந்து சேர்வதற்குள் பாதி ஆடுகள் விழுந்துவிட்டன. சினையாடுகள் குட்டியோடு போயின. யின்ஹுவாவின் பத்தொன்பதில் மூன்றுதான் மிஞ்சின. ஆண்கள் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். குழிக்கருகில் நின்ற ஒருத்தி, யார் என்று இங்கே வேண்டாம், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அவ ஆட்டச் சேத்த வருஷமே இப்படி. சொன்னா யாரு கேட்டா?" யின்ஹுவா தம்முடைய மூன்று ஆடுகளையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். "நான் வந்தது தப்பு டீச்சரம்மா. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. எனக்கு அதுக்கெல்லாம் கொடுப்பினை இல்ல" என்று வழியில் உங்களிடம் சொன்னாராம்.

அன்று மாலை நீங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து அமர்ந்தீர்கள். மூடிக் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிவைத்தேன். அதில் போட்ட உலர்ந்த இலந்தைப்பழம் ஊறிப் பிளந்து மேலே வரும்வரை நீங்கள் தொடவில்லை.

"ஷூபென், அந்தச் சொல்லோட பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு. நோயுள்ள ஒட்டகத்த நலமா இருக்கற ஒட்டகத்தோட கொண்டுபோய்ச் சேக்காதீங்கன்னு."

"உங்களுக்கு அது அப்ப ஞாபகம் வரலியா அக்கா?"

"வந்துச்சு. தெரிஞ்சேதான் விட்டேன். அதையும் சொன்னா, 'பாத்தீங்களா, ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கு'ன்னு யின்ஹுவாவ இன்னும் தள்ளி நிறுத்துவாங்கன்னு பயந்தேன். எனக்கு வேணுங்கிறத மட்டும் எடுத்துக்கிட்டேன்."

அப்போது நான் சொன்னதை இன்று இந்த அவைமுன் ஒப்புக்கொள்கிறேன். "அக்கா, இத வெளிய சொல்லாதீங்க. பொம்பளைக்கு எதுக்கு ஹதீஸ் பாடம்னு ஏற்கனவே நாலு பேரு பேசிக்கிட்டிருக்காங்க. இதக் கேட்டா பள்ளிய மூடிருவாங்க. ரெண்டு மாசம் போனா எல்லாரும் மறந்துருவாங்க" என்றேன். பயந்துதான் சொன்னேன், ஆனால் அறிவுரை போலச் சொன்னேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. "ஊரு மறந்துரும். யின்ஹுவாமேல போட்ட பழி மட்டும் நிக்கும்" என்றீர்கள். பிறகு ஆறிப்போன தேநீரை முழுவதும் குடித்துவிட்டு எழுந்துபோனீர்கள்.

முதலில் சான்லின் வீட்டுக்குப் போனீர்கள். அவர் கதவைத் திறந்து, "நீங்க சொன்னதத்தான் நான் செஞ்சேன்" என்றார். "ஆமா, அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றீர்கள். மனிதர் சண்டைக்குத் தயாராக நின்றவர். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாராம்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும், தொழுகை நடத்தும் இமாமான நம் அஹோங் ஐயாவிடம் முறையாக அனுமதி பெற்று, பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசினீர்கள். ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். நாங்கள் பின்னால் நின்றோம்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு நபிமொழி சொல்லிக் கொடுத்தேன். அதுல பாதியத்தான் சொன்னேன். மீதி எனக்குத் தெரியும். என் பேச்சு பலமா இருக்கணும்னு அத மறைச்சேன்." பிறகு இரண்டு சொற்களையும் அரபியில் ஓதி, பொருள் சொன்னீர்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "ரெண்டுல எதும்மா சரி? ஒட்டுமா, ஒட்டாதா?"

"ரெண்டும் சரிதாங்கய்யா. நோய் தானா அதிகாரம் எடுத்துக்கிட்டு அலையறதில்ல, அல்லாஹ் நாடாம எதுவும் நடக்காது. அதுக்காக நோயுள்ள ஆட்ட நல்ல ஆட்டோட அடைக்கலாம்னு ஆகாது. தனியாக் கட்ட வேண்டியது நம்ம கை. இதப் பத்தி அறிஞர்கள் இன்னும் பல விதமா சொல்லியிருக்காங்க. எல்லாத்தையும் படிப்போம். எனக்குப் பிடிச்சத மட்டும் இல்ல, எல்லாத்தையும்."

சான்லின் முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது. "அப்ப என்மேல தப்பில்லைன்னு இப்பவே எல்லாருக்கும் சொல்லுங்க."

"கொப்புளத்தப் பாத்தது உன் கண்ணு, தம்பி. தனியாக் கட்டலாம்னு சொன்னது உன் பொண்டாட்டி. உன் பங்கு உனக்கு, என் பங்கு எனக்கு." பெண்கள் நின்ற பக்கம் திரும்பினீர்கள். "யின்ஹுவாவுக்கு இதுல பங்கே கிடையாது. அவ ஆடு பட்டியில நாலு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. நோய் வந்தது சந்தையிலருந்து. வழி விட்டது என் வாய்."

யின்ஹுவா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பயந்தது பொய்யாகவில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு முப்பத்து நான்கு பேருக்குப் பதில் பதினொருவர் வந்தார்கள். மூன்று பேர் அஹோங் ஐயாவிடம் போய், தப்பும் தவறுமாகச் சொல்லித்தரும் இந்தப் பள்ளி எதற்கு என்று கேட்டார்கள். அவர் யோசித்துச் சொன்ன பதிலை அவர் வீட்டார் எங்களுக்குச் சொன்னார்கள்: "நாப்பது வருஷமா நானும் பேசிக்கிட்டிருக்கேன். தப்பாச் சொன்னத ஒரு நாளும் மேடையேறி வாபஸ் வாங்கினதில்ல. தப்பே சொல்லாததாலயா? என் பேத்தி அந்தம்மாகிட்டயே படிக்கட்டும்." திங்கட்கிழமை அந்தச் சிறுமி பன்னிரண்டாவது ஆளாக வந்து அமர்ந்தாள். மற்றவர்கள் திரும்பிவர ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த ஓராண்டும் பன்னிரண்டு பேருக்கு நீங்கள் நடத்திய பாடத்தில் ஒரு வரி குறையவில்லை.

ஊர் ஒரு வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. வெளியிலிருந்து வரும் எந்த ஆடும் மூன்று வாரம் பழைய செங்கல் சூளையில் தனியாக நிற்கவேண்டும். சூளைக்குள் போய்வரும் செருப்பைப் பட்டிக்குள் போடக் கூடாது. மருத்துவர் சொன்னதும் அதுவே, நபிமொழியின் மறுபாதி சொன்னதும் அதுவே என்று நீங்கள் அவருக்கே விளக்கினீர்கள். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர், "உங்க நபி எங்க கல்லூரியிலயா படிச்சாரு?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

சான்லின் இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை. மறு வசந்தத்தில் ஒரு காலையில், இரண்டு பெட்டைக்குட்டிகளைப் பிடித்துக்கொண்டு யின்ஹுவாவின் வாசலில் போய் நின்றார்.

"இது தானம் இல்லக்கா. நான் கெடுத்தது."

யின்ஹுவா குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்தார், காதைத் தடவிப் பார்த்தார், வால் அடியையும் விடவில்லை. பிறகு கயிற்றைத் திருப்பிக் கொடுத்தார். "மூணு வாரம் சூளையில கட்டு. நல்லா இருந்தா வந்து வாங்கிக்கிறேன்."

சான்லின் கட்டினார். நாள்தோறும் யின்ஹுவா போய்ப் பார்த்துவந்தார். அங்கிருந்த மற்ற வீட்டு ஆடுகளையும் பார்த்தார். இப்படித்தான் அது தொடங்கியது. யாரும் அவரை நியமிக்கவில்லை. இன்று கிழக்குச் சரிவு, மேற்குச் சரிவு இரண்டிலும், சந்தையிலிருந்து ஆடு ஓட்டிவரும் எவரும் யின்ஹுவா தொட்டுப் பார்த்து, "ம், கொண்டு போ" என்று சொல்லாமல் பட்டிக்குள் விடுவதில்லை. எவர் கால் பட்டால் கேடு என்று ஒதுங்கினார்களோ, அவர் கை படாத ஆட்டை இப்போது நம்பமாட்டேன் என்கிறார்கள். அந்த யின்ஹுவா முன்வரிசையில் உங்கள் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். தன் பெயர் வந்ததற்காக என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அயராது உழைத்த அம்மையீர்!

அந்த ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்த இரண்டு நபிமொழிகளையும் ஒரே நாளில், ஒரே பலகையில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நடத்தினீர்கள். கூடவே கதையையும் சொன்னீர்கள். "ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தாங்க. அவங்க பாதியச் சொல்லிட்டு மீதிய மறைச்சிட்டாங்க" என்று தொடங்குவீர்கள். ஆட்டம்மை வரும் இடத்தில் புது மாணவியருக்குக் கண் கலங்கும். முடிவில் எவளாவது ஒருத்தி கட்டாயம் கேட்பாள்: "யாரு டீச்சர் அந்த டீச்சர்?"

"நான்தான்" என்பீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பீர்கள்.

இருபது ஆண்டுகளாக நாங்கள் பக்கத்து அறையிலிருந்து அந்த ஒரு சொல்லைக் கேட்டுவந்திருக்கிறோம். பாடத்தில் ஐயம் வந்தால், 'எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று மாணவியிடம் சொல்ல எங்களுக்கு நாக்கு கூசாமல் போனது அதனால்தான்.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வூஜோங்கில் உள்ள தங்கை வீட்டுக்குப் புறப்படுகிறீர்கள். உங்கள் முழங்கால் வலியை அல்லாஹ் நீக்கியருள்வானாக. உங்கள் கண்ணொளியை, படிக்க விரும்பும் கடைசி ஏடுவரை காத்தருள்வானாக. நலமும் நிறைவும் கூடிய நெடிய வாழ்வைத் தந்தருள்வானாக. நீங்கள் கற்பித்ததில் சரியானதற்குக் கூலியும், தவறியதற்கு மன்னிப்பும் வழங்குவானாக. ஆமீன்.

வரும் குளிர்காலத்தில் அந்தப் பாடம் மீண்டும் வரும். இம்முறை அதை நடத்த வேண்டியவள் நான். இரண்டு சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தாங்க" என்று தொடங்குவேன். அந்த டீச்சருக்கு வாயை மூடிக்கொள் என்று அறிவுரை சொன்ன ஒரு தோழி இருந்தாள் என்பதையும் விடாமல் சொல்வேன். யார் அவர்கள் என்று மாணவியர் கேட்பார்கள். அப்போது தோழியின் பெயரை முதலில் சொல்வேன். பிறகு எழுந்து நின்று, உங்கள் பெயரைச் சொல்வேன்.

என்றும் தங்கள் அன்பில் வாழும்,

பாய் ஷூபென், எழுத்துப் பாடம்
குர்ஆன் ஓதல் ஆசிரியையர் இருவர்
சமையல்கார அக்கா (கைநாட்டு வைக்காமல், நீங்கள் கற்றுக்கொடுத்த எழுத்தில் தாமே கையெழுத்திட்டது)
மற்றும் பணியாளர் அனைவரும்

பெண்கள் பள்ளி, ஷுவாங்யூ